குட்ஸ்பிரிங்ஸை விட்டுக் கிளம்பும் முன்: நியூ வேகாஸ் தொடக்கக் கேரக்டர் கேள்வி பதில்

2010-ல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் ஆட்டத்தில் கேரக்டரை எப்படித் தொடங்குவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். புதியவர்களுக்காகச் சுருக்கமாக: அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய 2281-ம் ஆண்டு, மோஹாவிப் பாலைவனம். தலையில் சுடப்பட்டு, குழியில் போடப்பட்டு, பிழைத்து வந்த கூரியர் நீங்கள். குட்ஸ்பிரிங்ஸ் ஊர் மருத்துவர் டாக் மிட்செல் வீட்டில் கண் விழித்ததும் ஏழு பண்புகளுக்கு (ஸ்ட்ரெங்த், பெர்செப்ஷன், எண்டூரன்ஸ், கரிஸ்மா, இன்டெலிஜென்ஸ், அஜிலிட்டி, லக்) மொத்தம் 40 புள்ளிகளைப் பிரிக்க வேண்டும். பிறகு மூன்று ஸ்கில்களை டேக் செய்யலாம், அதாவது முதன்மைத் திறன்களாகக் குறிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 15 கூடும். நன்மையும் தீமையும் கலந்த ட்ரெய்ட் என்னும் குணங்களில் இரண்டு வரை எடுக்கலாம்.

கேள்வி: அண்ணா, முதல் தடவை ஆடப்போகிறேன். எந்த ஸ்கில்லை டேக் செய்வது என்றே தெரியவில்லை.

குட்ஸ்பிரிங்ஸ் ஊரையே பரீட்சையாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. ரிங்கோ என்ற வியாபாரியைப் பிடிக்க பவுடர் கேங்கர்ஸ் கும்பல் வரும். ஊரைத் திரட்டி அவனைக் காப்பாற்றலாம். ஊர்க்காரர் ஈஸி பீட்டிடம் டைனமைட் வாங்க எக்ஸ்ப்ளோசிவ்ஸ் 25 வேண்டும். கடைக்காரர் செட் சரக்கு தர பார்ட்டர் (பேரம் பேசும் திறன்) 25. டாக் மிட்செல் மருந்து தர மெடிசின் 25. நீங்கள் டேக் செய்ததற்கேற்ப யாராவது ஒருவர் உடனே உங்கள் பக்கம் வந்துவிடுவார். இந்த ஆட்டம் கடைசிவரை இப்படித்தான் நடக்கும்.

கணக்கும் எளிது. ஒரு ஸ்கில்லின் தொடக்க அளவு: 2, அதோடு அதற்குரிய பண்பின் இரு மடங்கு, அதோடு லக்கில் பாதி (மேல்நோக்கி முழுமையாக்கி). பெர்செப்ஷன் 5, லக் 5 என்றால் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் 15. டேக் செய்தால் 30. டேக் செய்யாவிட்டாலும், அதற்குரிய பத்திரிகை ஒன்று கையில் இருந்தால் அதைப் படித்துவிட்டுப் பேசலாம். கொஞ்ச நேரத்துக்கு 10 கூடி, சரியாக 25 ஆகிவிடும். ஃபால்அவுட் மூன்றாம் பாகத்தில் பேச்சுத்திறமை சதவீத வாய்ப்பாக இருந்தது, சேவ் செய்துவிட்டுத் திரும்பத் திரும்ப முயன்றவர்கள் உண்டு. இங்கே அது கிடையாது. தேவையான எண்ணைத் தொட்டால் உண்டு, தொடாவிட்டால் இல்லை. அதனால் பத்திரிகைகளை விற்காதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் ஆட்டத்துக்கு ஸ்பீச், ரிப்பேர், அப்புறம் உங்களுக்குப் பிடித்த ஓர் ஆயுத ஸ்கில். ரிப்பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள். துப்பாக்கி தேயும், பழுது பார்க்கக் காசு கரையும். அது 90 ஆனபின் ஜூரி ரிக்கிங் பெர்க் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) கிடைத்தால் அதே வகை ஆயுதம் எதை வைத்தும் சரிசெய்யலாம்.

கேள்வி: எண்டூரன்ஸை 3-ல் விடலாமா? தரையில் கிடக்கும் மருந்தே போதும் போலிருக்கிறதே.

விடாதீர்கள். எண்டூரன்ஸை உயிர் அளவுக்கான பண்பு என்று மட்டும் பார்ப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. நியூ வேகாஸ் மெடிக்கல் கிளினிக்கில் ஒவ்வொரு பண்புக்கும் ஓர் இம்ப்ளான்ட் (உடம்புக்குள் பொருத்தும் கருவி) விற்கிறார்கள். 4,000 கேப்ஸ் (இந்த ஆட்டத்தின் காசு) கொடுத்தால் அந்தப் பண்பு நிரந்தரமாக 1 ஏறும். எத்தனை இம்ப்ளான்ட் உங்கள் உடம்பு தாங்கும் என்பதை எண்டூரன்ஸ்தான் தீர்மானிக்கிறது. எண்டூரன்ஸில் இன்று போடும் புள்ளி, பின்னால் இன்னொரு பண்பில் ஒரு புள்ளியாகத் திரும்பி வருகிறது. வேறெந்தப் பண்பும் இதைச் செய்யாது.

கேள்வி: வடக்கே நேராகப் போனால் வேகாஸ் பக்கம்தானே? எந்த பில்ட் (புள்ளிகளைப் பிரித்த விதம்) இருந்தால் போகலாம்?

முதல் லெவலில் எந்த பில்டாக இருந்தாலும் போக வேண்டாம். வடக்கே ஸ்லோன் அருகே குவாரி ஜங்ஷனில் டெத்கிளா என்னும் கொடிய மிருகங்கள், இன்னொரு பக்கம் கசடோர் என்னும் விஷப் பூச்சிகள். பிரிம், நிப்டன், நோவாக் ஆகிய ஊர்கள் வழியாகத் தெற்கே சுற்றி வாருங்கள். அந்த வழியில்தான் கதையும் இருக்கிறது.

கேள்வி: சார், இன்டெலிஜென்ஸ் 9 இல்லாத பில்ட் வீண். என் கணக்கு: ஸ்ட்ரெங்த் 6, பெர்செப்ஷன் 6, எண்டூரன்ஸ் 3, கரிஸ்மா 1, இன்டெலிஜென்ஸ் 9, அஜிலிட்டி 7, லக் 8. இதைவிட நல்லது இருந்தால் காட்டுங்கள்.

உங்கள் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 2008-ல் வந்த மூன்றாம் பாகத்தில் லெவலுக்கு 10-உடன் இன்டெலிஜென்ஸ் முழுவதும் ஸ்கில் புள்ளியாகச் சேர்ந்தது. அங்கே 9 வைப்பது மிக நல்ல முடிவு. நியூ வேகாஸில் சேர்வது பாதிதான். 5 வைத்தவருக்கு லெவலுக்கு 12.5, உங்களுக்கு 14.5. முதல் லெவலிலிருந்து 30 வரை 29 முறை ஏறுகிறோம், ஆக 58 புள்ளி வித்தியாசம். மெடிசின், ரிப்பேர், சயின்ஸ் மூன்றும் தொடக்கத்திலேயே தலா 8 அதிகம், அது 24. மொத்தம் 82.

இப்போது மறுபக்கம். நான்காம் லெவலில் எஜுகேட்டட் பெர்க் எடுத்தால் லெவலுக்கு 2 கூடி, 30-க்குள் 50 புள்ளிக்கு மேல் தருகிறது. நீங்கள் நான்கு பண்புப் புள்ளி கொடுத்து வாங்குவதில் பெரும்பகுதியை ஒரே பெர்க் கொடுத்துவிடுகிறது. அந்த நான்கை எண்டூரன்ஸில் போட்டிருந்தால் அது 7 ஆகியிருக்கும். ஏழு பண்புக்கும் இம்ப்ளான்ட் வாங்கலாம். உங்கள் பில்ட் மூன்றோடு நிற்கும்.

கேள்வி (அதே நண்பர்): டிஎல்சி (கூடுதல் பாகங்கள்) நான்கையும் சேர்த்தால் உச்ச லெவல் 50. அங்கே உங்கள் கணக்கு நிற்காது. எஜுகேட்டடை நானும் எடுப்பேனே. தவிர இம்ப்ளான்டுக்கு 28,000 கேப்ஸ் எங்கே போவது?

லெவல் 50 என்றால் வித்தியாசம் 98-உம் தொடக்க 24-உம். பதின்மூன்று ஸ்கில்லையும் 100-க்கு அருகில் கொண்டுபோக ஆசைப்படுபவருக்கு உங்கள் வழி சரி, எஜுகேட்டடையும் சேர்த்து எடுங்கள். ஆனால் அந்த லாபம் கைக்கு வரும்போது ஆட்டத்தின் இறுதியான ஹூவர் அணைச் சண்டையே உங்களுக்குச் சுலபமாகியிருக்கும். ஆட்டம் உங்களை நெருக்குவது முதல் 15 லெவலில். அங்கே லெவலுக்கு இரண்டு புள்ளியைவிட 80 உயிர்ப் புள்ளி பெரிது. ஒரு எண்டூரன்ஸுக்கு 20 வீதம் நான்குக்கு அவ்வளவு வருகிறது.

பணத்துக்கு வருவோம். உங்கள் பில்டிலேயே லக் 8 இருக்கிறது, அதற்கு என் பாராட்டு. பிளாக்ஜாக்கில் உட்காருங்கள். ஃப்ரீசைடிலுள்ள அடாமிக் ராங்லர் சூதாட்ட விடுதி 5,000 ஜெயித்ததும் ஆட வேண்டாம் என்று சொல்லிவிடும். கோமோரா 9,000, டாப்ஸ் 10,000, அல்ட்ரா-லக்ஸ் 15,000. நான்கையும் கூட்டிப் பாருங்கள், ஏழு இம்ப்ளான்டும் வாங்கி மிச்சம் இருக்கும்.

கேள்வி: இவர் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி போல இருக்கிறது. அப்போது 7 வைக்கட்டுமா?

வையுங்கள். 6 அல்லது 7 நல்ல எண்.

கேள்வி: கரிஸ்மா 1 எல்லோரும் வைக்கிறார்களே?

தனியாகச் சுற்றுபவர் வைக்கலாம். ஸ்பீச் டேக் செய்தால், லக் 5 இருக்கும்போது 1-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் 22-க்கும் 30-க்கும்தான். ஒரு லெவலில் ஈடுகட்டிவிடலாம். ஆனால் கூட வருபவர்களின் அடிக்கும் வலிமையையும் தாங்கும் வலிமையையும் ஒவ்வொரு கரிஸ்மா புள்ளியும் 5 சதவீதம் ஏற்றுகிறது. பூன் (Boone), ரெக்ஸ் போன்ற கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு ஹார்ட்கோர் என்னும் கடினமான முறையில் போகிறீர்களா? அதில் அவர்கள் செத்தால் செத்ததுதான். ஆட்டத்தின் மிக நல்ல கதைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவர்களுக்காக 5 வையுங்கள் என்பேன்.

கேள்வி: இன்டெலிஜென்ஸ் 9 நல்லதா 10 நல்லதா?

மேலே இரண்டு பதில் இதற்காகவே எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

கேள்வி: கையால் அடித்தே ஆட முடியுமா?

தாராளமாக. இங்கே அன்ஆர்ம்டுக்கு உரிய பண்பு எண்டூரன்ஸ், சர்வைவலுக்கும் அதுதான். ஆக, நான் எல்லோரையும் கெஞ்சிக் கேட்கும் அதே எண்டூரன்ஸ் உங்களுக்கு அடியாகவும் உயிராகவும் இம்ப்ளான்டாகவும் மூன்று முறை பலன் தரும். 8 வைத்துத் தொடங்குங்கள். நோவாக் போனதும் ரேஞ்சர் ஆண்டியைத் தேடிப் பேசுங்கள், எதிரியைக் கீழே தள்ளும் ஓர் அடியைக் கற்றுத் தருவார்.

கேள்வி: நான்காம் பாகத்துக்கும் இதே 40 புள்ளிதானா?

இல்லை. அங்கே மொத்தம் 28, ஸ்கில் என்பதே கிடையாது. அது தனி முறை. அதை ஆழமாக ஆடியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இன்டெலிஜென்ஸ் 1 வைத்தால் வேடிக்கையான உரையாடல் வருமாமே?

சில இடங்களில் வரும். முதல் இரண்டு பாகங்களில் போல ஆட்டம் முழுக்க மாறாது.

கேள்வி: எண்டூரன்ஸ் 2, லக் 10...

இம்ப்ளான்ட். மேலே பாருங்கள்.

கேள்வி: தப்பாகப் பிரித்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. முதலிலிருந்து ஆடணுமா?

குட்ஸ்பிரிங்ஸ் எல்லையைத் தாண்டவில்லை என்றால் கவலை வேண்டாம். ஊரை விட்டுப் போகும்போது ஆட்டமே ஒரு முறை நிறுத்தி, எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளக் கேட்கும். அதற்குச் சற்று முன் ஒரு சேவ் போட்டு, அதை அழிக்காமல் தனியாக வைத்திருங்கள். அடுத்த கேரக்டரையும் அங்கிருந்தே தொடங்கலாம். டாக் மிட்செல் வீட்டுக் காட்சியைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

ட்ரெய்ட் மட்டும்தான் உறுத்துகிறது என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஓல்டு வேர்ல்ட் ப்ளூஸ் டிஎல்சியில், சிங்க் என்னும் இடத்திலுள்ள ஆட்டோ-டாக் ஒரே ஒரு முறை மாற்றித் தரும். குட் நேச்சர்டு எடுத்துவிட்டு, துப்பாக்கி ஸ்கில்லில் போன 5 புள்ளியை நினைத்து வருந்துபவர்கள் அங்கே போகும்வரை பொறுக்கலாம்.