ஏபி கிரெடிட் நிறைய இருந்தா காலேஜ் செலவு குறையுமா? எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்களுக்கும் நடந்தது

பொண்ணு பத்தாவது போறா, ஹைஸ்கூல்லயே எட்டு ஒன்பது ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மெண்ட், காலேஜ் லெவல் பாடமும் எக்ஸாமும், நல்ல ஸ்கோர் வந்தா காலேஜ்ல கிரெடிட்டா கழிச்சுக்கலாம்) எடுத்துட்டா காலேஜ்ல ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க, நெஜமானு கேட்டிருக்கீங்க. இதே பேச்ச நம்பி ஏமாந்தவ நான், அதான் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து டைப் பண்றேன். நீங்க கேக்குற விதத்த பாத்தா மூத்த புள்ளனு தோணுது. நாங்க டல்லாஸ் பக்கம், அதனால டெக்சாஸ் கதை தான் எனக்கு தெரியும்.

பெரியவ ஒன்பது ஏபி எழுதுனா. ஒரு எக்ஸாமுக்கு 100 டாலர் கிட்ட. அப்போ நான் ஹெச்4 விசால (வேலை விசால வந்தவரோட மனைவிக்கு குடுக்குறது) இருந்தேன், வேலைக்கு போக அனுமதி இல்ல, அவர் ஒருத்தர் சம்பளம் தான். சனிக்கிழமை கோச்சிங் ஒன்னுல சேத்தோம், பேரு வேண்டாம், அந்த ஆளு ஒரு தாள்ல கணக்கு போட்டே காட்டுனாரு, ஒன்பது ஏபினா 36 கிரெடிட், டிகிரிக்கு மொத்தமே 120 தான், ஒரு வருஷத்துக்கு 30, அப்போ ஒரு வருஷம் முழுசா கழிஞ்சுது பாருங்கனு. அந்த தாள நான் மடிச்சு பர்ஸ்லயே வெச்சுக்கிட்டு திரிஞ்சேன்.

ஸ்டேட் யுனிவர்சிட்டில மெக்கானிக்கல் கெடச்சுது. ஓரியண்டேஷன் அன்னிக்கு நான் வெளிய பெஞ்சுல காத்திருந்தேன், அவ டிகிரி பிளான் (டிகிரிக்கு எந்தெந்த கோர்ஸ் முடிக்கணும்னு கட்டம் கட்டமா போட்ட லிஸ்ட்) பிரிண்ட்டோட வந்தா, முகமே சரியில்ல. ஏபியால கழியுற கோர்ஸ எல்லாம் அட்வைசர் மஞ்ச ஹைலைட்டரால அடிச்சு குடுத்திருக்காங்க. இங்கிலீஷ், ஹிஸ்டரி, சைக்காலஜி, கால்குலஸ் BCக்கு ரெண்டு கட்டம். எண்ணிப் பாத்தா 17 கிரெடிட். மீதி 19 எங்கனு கேட்டா, இருக்கும்மா, டிரான்ஸ்கிரிப்ட்ல (மார்க் ஷீட்ல) இருக்கு, ஆனா எந்த கட்டத்துலயும் உக்காராதுனா. அவ எடுத்த பிசிக்ஸ் 1 கால்குலஸ் இல்லாத பிசிக்ஸ், இன்ஜினியரிங்குக்கு கால்குலஸோட வர்ற பிசிக்ஸ் சி தான் வேணுமாம். ஹியூமன் ஜியாகிரபி, வேர்ல்ட் ஹிஸ்டரி, என்விரான்மெண்டல் சயின்ஸ், ஸ்பானிஷ் எல்லாம் எலக்டிவ்ல (விருப்பப் பாடத்துல) போய் விழுந்துது, அவ பிளான்ல எலக்டிவ்னு ஒரு கட்டமே இல்ல. இத பத்தாவதுலயே ஒருத்தர் சொல்லியிருந்தா பிசிக்ஸ் சி எடுத்திருப்பா, அவளால முடியாததில்ல.

சரி அந்த 17 கிரெடிட்டாவது ஒரு செமஸ்டர கழிக்கும்ல? கழிக்கல. இன்ஜினியரிங்ல ஒன்ன முடிச்சா தான் அடுத்தத எடுக்க விடுவாங்க, பிசிக்ஸ் முடிச்சு ஸ்டேடிக்ஸ், அது முடிச்சு டைனமிக்ஸ், சிலது ஃபால் செமஸ்டர்ல (ஆகஸ்ட்ல தொடங்குறது) மட்டும் தான் நடத்துவாங்க, அப்படியே சங்கிலி மாதிரி எட்டு செமஸ்டர் ஓடுது. அவங்க காலேஜ்ல 12 கிரெடிட்ல இருந்து மேல எத்தனை எடுத்தாலும் ஒரே ஃபீஸ். அதாவது 16 எடுக்க வேண்டிய எடத்துல 12 எடுத்தா, ஆனா 16 எடுத்தவனுக்கு வந்த அதே பில் எங்களுக்கும் வந்துது. ஃபீஸ் விடுங்க, வாடகையும் சாப்பாடும் செமஸ்டர் கணக்கு தான, கிரெடிட் கணக்கு இல்லையே.

ஏபியே வேண்டாம்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க. மொத வருஷம் அவளுக்கு பாரம் கொறஞ்சுது, ராத்திரி நல்லா தூங்குனா, ஃபால்லயே இன்டர்ன்ஷிப்புக்கு ஓடியாடி தேட நேரம் கெடச்சுது. கிளாஸ் ரேங்க்கும் ஏபியால தான் ஏறுச்சு, இங்க அரசு காலேஜ் அட்மிஷனுக்கு ரேங்க் ரொம்ப முக்கியம்ல. ஆனா நீங்க கேட்டது செலவ பத்தி. படிப்ப காசா பாக்குறீங்களானு கேக்குறவங்க ஒரு சம்பளத்துல ரெண்டு பிள்ளைய இந்த ஊர்ல படிக்க வெச்சுட்டு வந்து கேக்கட்டும்.

சின்னவன் விஷயத்துல நான் உஷாராயிட்டேன். அஞ்சே அஞ்சு தான். இங்கிலீஷ், யுஎஸ் ஹிஸ்டரி, யுஎஸ் கவர்ன்மெண்ட், மேக்ரோ எகனாமிக்ஸ், கால்குலஸ் AB. டெக்சாஸ்ல அரசு காலேஜ்ல எந்த டிகிரினாலும் அமெரிக்க ஹிஸ்டரி 6 கிரெடிட், கவர்ன்மெண்ட் 6 கிரெடிட் கட்டாயம், அதனால அது ரெண்டும் எங்க போனாலும் வீணாகாது. அவன் எகனாமிக்ஸ் படிச்சான், அஞ்சுமே கட்டத்துல கச்சிதமா உக்காந்துது, ஏழு செமஸ்டர்ல முடிச்சான். அந்த ஒரு செமஸ்டர்ல ஃபீஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் சேத்து எங்களுக்கு பதினோராயிரம் டாலர் கிட்ட மிச்சம். ஒன்பது எழுதுனவளுக்கு ஒன்னும் இல்ல, அஞ்சு எழுதுனவனுக்கு பதினோராயிரம்.

சொல்லாம இருக்க முடியாத ஒன்னு. பெரியவ ஒன்பது வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம தமிழ் பள்ளிக்கு போனா, திருக்குறள் ஒப்பிப்பா, ஆத்திச்சூடி முழுசா வரும். ஏபில தமிழ் கிடையாது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சைனீஸ், ஜப்பானீஸ் இருக்கு, எந்த வீட்டுலயும் பேசாத லத்தீன் கூட இருக்கு. சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல தமிழுக்கு ஹைஸ்கூல் கிரெடிட் தர்றாங்க, அதோட சரி. ரெண்டே வருஷம் படிச்ச ஸ்பானிஷுக்கு 6 கிரெடிட், ஒன்பது வருஷத் தமிழுக்கு ஒன்னுமில்லனா எனக்கு வயிறு எரியாதா.

உங்க விஷயத்துக்கு வரேன். டெக்சாஸ்ல அரசு காலேஜ்னா 2015ல போட்ட சட்டப்படி ஏபில அஞ்சுக்கு 3 வாங்குனா கிரெடிட் குடுத்தாகணும், அதுக்கு மேல கேட்டா அவங்க ஆதாரம் வெச்சிருக்கணும். பிரைவேட்னா அவங்க இஷ்டம். டார்ட்மவுத்ல 2018ல முடிச்ச பேட்ச்ல இருந்தே ஏபிக்கு கிரெடிட் கிடையாது, கால்டெக்கும் குடுக்காது. டாக்டர் ஆசைனா பல மெடிக்கல் ஸ்கூல் பயாலஜி, கெமிஸ்ட்ரிக்கு ஏபிய ஏத்துக்காது, காலேஜ்ல திரும்ப எடுக்க சொல்லுவாங்க. ஸ்கோர ஒரு காலேஜுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ரீயா அனுப்பலாம், ஜூன் 20க்குள்ள சொல்லிடணும், நாங்க விட்டுட்டு தனியா காசு கட்டுனோம்.

பொண்ணு என்ன படிக்க ஆசைப்படுறானு நீங்க எழுதவே இல்ல. அது தெரியாம எத்தனை ஏபினு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க மனசுல வெச்சிருக்குற ரெண்டு மூணு காலேஜோட டிகிரி பிளான் சைட்லயே கெடைக்கும், பிரிண்ட் எடுத்து அவளையும் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு மஞ்ச ஹைலைட்டரோட பாருங்க, கோர்ஸ் செலக்‌ஷனுக்கு முன்னாடியே.