கன்சோல் பக்கத்திலிருந்து: வாசகர் கேள்வி – பதில்

(சாலிகிராமத்தில் ஒலிப்பதிவுத் தொழிலிலேயே தலை நரைத்தவர், அத்துறைக்கு வர விரும்பும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். ஒலிப்பதிவாளர் ஆக ஆசை. லேப்டாப்பிலேயே பாட்டு தயாராகிவிடும் காலத்தில் இதற்குப் படிப்பு எதற்கு என்கிறார் அப்பா. — ஒரு வாசகி, விருதுநகர்

அப்பா சொல்வதில் பாதி உண்மை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள், வீட்டில் சண்டை குறையும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பாட்டுக்கு வயலின்காரர்கள் மட்டுமே கூடம் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். மைக் நிறுத்த, கேபிள் இழுக்க, இரண்டு அங்குல டேப்பை மாட்ட உதவியாளர்கள் வேண்டியிருந்தது. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் மூத்தவர் எந்த மைக்கை எங்கே, எவ்வளவு தள்ளி வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம். எங்களுக்குக் கல்லூரி அதுதான். இன்று வயலின்காரர் தன் வீட்டு அறையில் வாசித்துக் கோப்பை அனுப்பிவிடுகிறார். கூடங்கள் மூடப்பட்டதற்குக் கூட நான் அவ்வளவு வருந்தவில்லை. அந்த உதவியாளர் வேலை ஒழிந்துபோனது உங்கள் தலைமுறைக்குப் பெரிய நஷ்டம்.

மறுபாதி அப்பாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாட்டில் குறைந்த வேலை பேச்சில் கூடியிருக்கிறது. ஒரே தொடரைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல மொழிகளில் டப்பிங் செய்கிறார்கள். ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட், படப்பிடிப்புத் தளத்திலேயே வசனத்தைப் பிடிக்கும் சிங்க் சவுண்ட் என எல்லாவற்றுக்கும் மனிதக் குரலைச் சுத்தமாகப் பதிவு செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளோ இசையமைப்பாளர் பக்கத்து நாற்காலிதான் வேண்டும் என்கிறார்கள்; வசனம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்காதவர்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

தரமணியில் இருக்கும் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு தனிப் பட்டப்படிப்பு. அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. பட்டதாரியான நீங்கள் புனே, கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசு திரைப்பட நிறுவனங்களின் 3 ஆண்டுப் படிப்புக்கு முயலுங்கள். நுழைவுத்தேர்வு கடினம்தான். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஒலிக்கலவைக்காக 2009இல் ஆஸ்கர் வாங்கியவர்களில் ஒருவரான ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். அதற்கு முன் அவர் படித்ததும் இயற்பியலே. அப்பா நல்ல மனநிலையில் இருக்கும்போது இதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டில் சிறிய ஸ்டூடியோ வைக்கப் பணம் சேர்த்திருக்கிறேன். எந்த மைக் வாங்கலாம்? சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதுமா? — ஒரு வாசகர், திண்டுக்கல்

முட்டை அட்டையை முட்டைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது வெளிச் சத்தத்தையும் தடுக்காது. உள்ளே ஒலி எதிரொலிப்பதையும் உருப்படியாகக் குறைக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அதை அந்த மெல்லிய அட்டை என்ன செய்துவிடும்? தடிமன்தான் வேலை செய்யும். நான்கு அங்குல ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகளைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். அதற்கும் பணமில்லையென்றால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைப் பேசுபவருக்குப் பின்னால் நிறுத்தி, நடுவில் கம்பளி தொங்கவிடுங்கள். பார்க்கச் சகிக்காது, கேட்க நன்றாக இருக்கும்.

மைக் வாங்குவது கடைசி. முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் பேசாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். பக்கத்து வீட்டு மோட்டார், குக்கர் விசில், தெருமுனை ஹாரன் என்று எல்லாம் வரிசையாக வரும். ஆடிபிள் நிறுவனம் ஒலிப்புத்தகத்துக்குப் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் (பதிவின் உச்ச அளவுதான் பூஜ்யம்) கீழே இருக்க வேண்டும் என்கிறது. அறை அந்த அளவுக்கு அடங்காவிட்டால், விலையுயர்ந்த மைக் அந்தக் குக்கரை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்து தரும்.

நான் மிக்ஸ் செய்த பாட்டைச் சத்தம் கூட்டி ஏற்றினாலும் ஸ்பாட்டிஃபையில் குறைந்தே கேட்கிறது. ஏன்? — ஒரு வாசகர், ஈரோடு

அவர்கள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்க விடுகிறார்கள். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்கி நசுக்கி நீங்கள் ஏற்றிய சத்தத்தை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும். டிரம்ஸ் மூச்சுவிட இடம் கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் தொழில் இருக்குமா? — ஒரு வாசகர், தஞ்சாவூர்

இரைச்சலை நீக்கும் வேலையில் பாதியை மென்பொருள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. முன்பு ஒரு பையன் நாள் முழுதும் உட்கார்ந்து செய்ததை இப்போது சில நிமிடங்களில் முடிக்கிறோம். அந்தப் பையனுக்கு வேலை போனது, மழுப்ப விரும்பவில்லை.

ஆனால் நீங்கள் தஞ்சாவூர்க்காரர். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாகஸ்வரமும் தவிலும் அருகருகே முழங்கும்போது மைக்கை எங்கே நிறுத்துவது, ஸ்பீக்கர் ஊளையிடாமல் எப்படிப் பார்ப்பது என்பதை அந்த இடத்தில் நிற்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளூர் ஒலிபெருக்கிக் கடைக்காரரிடம் ஒரு சீசன் போய் நில்லுங்கள். சாப்பாடும் பஸ் கட்டணமும் மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கேபிளை முறுக்கில்லாமல் சுற்றக் கற்றுக்கொண்டு வந்தால், சென்னையில் எந்த ஸ்டூடியோவிலும் பாதி நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும்.