ஆர்.எக்ஸ் 100 கார்புரேட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1994-ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ் 100 இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த வண்டியை இப்போது எடுத்தால், சோக் போட்டிருக்கும் வரை ஓடுகிறது; சோக்கை விட்டதும் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்றிவிடச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் இருப்பது மிக்குனி வி.எம். வகை கார்புரேட்டர். இதில் சோக்குக்கென்று தனிப் பெட்ரோல் வழி உண்டு என்பதால், அந்த வழியில் ஓடும் எஞ்சின் சோக்கை விட்டதும் நின்றுபோகிறதென்றால், ஜெட்டுகளில் (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் திருகுகள்) சிறியதான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்றே கொள்ளலாம். இதே அறிகுறியைக் காட்டும் இன்னொரு குறை, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டில் விழுந்த வெடிப்பு. கழற்றுவதற்கு முன் அதைக் கையால் வளைத்துப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் டேப்பை மூடி, அடிக்கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிட்டுக் கழற்றுங்கள். ஏர் ஸ்க்ரூவை (ஐட்லிங்குக்கான காற்றை அளக்கும் திருகு) எடுக்கும் முன், அது மெதுவாகப் போய் உட்காரும் வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று போயிற்று என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான ஒரு புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகவோ ஓரம் மறைந்தோ தெரிந்தால் பழைய பெட்ரோலின் பிசின் உள்ளே படிந்திருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். இரும்புக் கம்பியோ குண்டூசியோ உள்ளே விடக் கூடாது. பித்தளைத் துளை அகன்றுவிட்டால் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணுக்குப் பிறகு அர்த்தமில்லை. ஜெட்டோடு நின்றுவிடாமல், ஏர் ஸ்க்ரூ இருந்த துளை வழியாகவும் கிளீனரைப் பீய்ச்சுங்கள்; எஞ்சின் பக்கம், ஸ்லைடுக்கு (ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே எழும் உருளை) அருகில் உள்ள சிறு துளையில் அது சீராக வெளியே வர வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். கிளீனர் அடிக்கும்போது ரப்பர் பாகங்களைத் தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

அடிக்கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை. பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் ஃப்ளோட் ஊசியின் கூர்ப்பகுதியில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும். இரண்டாலும் வருவது ஓவர்ஃப்ளோதான், அதாவது பெட்ரோல் நிரம்பி வழிவது. திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் வெட்டுப்பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அந்த ஸ்லைடு தன் குழலுக்குள் கடகடவென்று ஆடும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மட்டுமே மெக்கானிக் சொல்வது சரி; மற்றபடி ரிப்பேர் கிட் போதும். மாற்ற நேர்ந்தாலும் பழைய கார்புரேட்டரை மெக்கானிக்கிடமே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் இழுவை இல்லை. எந்த அளவில் வைக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: எந்த அளவில் வைத்தாலும் அந்தக் குறை தீராது. ஏர் ஸ்க்ரூவின் ஆட்சி ஐட்லிங்கிலும் அதற்குச் சற்று மேலும், அதாவது ஆக்சிலேட்டர் திருகலின் முதல் எட்டில் ஒரு பங்கு வரையில்தான். நடுப்பகுதியை ஸ்லைடில் தொங்கும் நீண்ட ஊசியும், கடைசிக் கால் பங்கைப் பெரிய ஜெட்டான மெயின் ஜெட்டும் தீர்மானிக்கின்றன. ஆகவே முதலில் மெயின் ஜெட்டைப் பாருங்கள். சைலன்சருக்குள் கரி அடைத்திருந்தாலும் டூ ஸ்ட்ரோக் வண்டி இதேபோல்தான் முக்கும்.

ஐட்லிங்கைச் சரிசெய்ய, சிறிது தூரம் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகே ஏர் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். அதை முழுதும் உள்ளே திருகிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கி, எஞ்சினின் வேகம் அதிகபட்சமாகும் இடத்தைக் கால் கால் சுற்றாகத் தேடிக் கண்டுபிடித்து, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்கலாம். ஏர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதால் அளப்பது காற்றை. உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் வண்டிகளில் இது தலைகீழ்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகப் பழைய கார்புரேட்டரில் ஏதாவது மாற்ற வேண்டுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ரப்பரையும் டியூனிங்கையும் கவனிக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் தேவை சுமார் 13.5 ஆகக் குறைகிறது. பழைய ஜெட்டோ முன்பு விட்ட அளவையே விடுவதால், எஞ்சினுக்கு எரிபொருள் சற்றுக் குறைவாகப் போய்ச் சேருகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டி இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; ஆர்.எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நல்ல வேகத்தில் ஓட்டிய கையோடு எஞ்சினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். பழுப்பு நிறம் சரியானது. வெளுத்திருந்தால், ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே மாட்டுங்கள். ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். அதற்குப் பிறகும் முழு வேகத்தில் வெளுப்பு நீடித்தால் அடுத்த எண் மெயின் ஜெட் போட வேண்டும்.

பிஸ்டன் பிடிக்குமோ என்று பயந்து டேங்கில் கூடுதலாக ஆயில் ஊற்றுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஜெட் வழியே செல்லும் திரவத்தில் ஆயில் கூடும்போது பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை மேலும் வறண்டுபோகிறது.