காதுக்குள்ளே கட்டி, கையில் கொண்டை ஊசி

கேள்வி: நான்கு நாளாக இடது காதுத் துவாரத்துக்குள்ளே ஒரு கட்டி. சோறு மென்றாலே உயிர் போகிறது. அந்தப் பக்கம் சரிந்து படுக்க ஏலாது. காது கடித்தால் கொண்டை ஊசியால் சொறிகிற பழக்கம் எனக்கு உண்டு. ஊசியைச் சுட்டுக் குத்தி சீழை எடுக்கலாம் என்கிறா பக்கத்து வீட்டு அக்கா. அம்மா நல்லெண்ணெயில் உள்ளி காய்ச்சி விடச் சொல்கிறா. கணவரின் பல்வலிக்குக் கொடுத்த அமொக்சிசிலின் குளிசையும் நாலைந்து மிச்சம் இருக்கிறது. எதைச் செய்வது? இந்த வருடம் இது மூன்றாவது கட்டி. முதல் இரண்டும் தொடையில் வந்தன. வயது 39.
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, மூன்றும் வேண்டாம். கொண்டை ஊசி கொண்டையிலேயே இருக்கட்டும்.

காதுத் துவாரத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில்தான் மயிர் முளைக்கும். சொறியும்போது தோல் கீறுப்பட்டால், நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி மயிர்க்காலுக்குள் இறங்கிவிடும். ‘கடுகளவு கட்டிக்கு இவ்வளவு சத்தமா’ என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். தொடையில் என்றால் கீழே கொழுப்பும் சதையும் உண்டு, வீங்க இடம் இருக்கிறது. காதில் தோல் குருத்தெலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. அதுதான் இந்த வலி. மெல்லும்போது தாடை மூட்டு அசைய, பக்கத்திலிருக்கும் துவாரமும் சேர்ந்து அசைகிறது.

குத்தக் கூடாது என்பதும் அதனால்தான். கிருமி குருத்தெலும்புக்குப் போனால் காது மடலே சுருங்கிவிடக்கூடும். உள்ளி எண்ணெய் கட்டிக்குள் போகாது. சூடு கூடினால் தோல்தான் வேகும். உள்ளி சொதிக்கு நல்லது, அங்கே போடுங்கள். கணவரின் குளிசையும் உதவாது. இந்தக் கிருமியில் பெரும்பாலானவை அமொக்சிசிலினுக்கு அடங்குவதில்லை. அரைகுறையாகக் குடிப்பது அதைவிட மோசம்.

சுத்தமான துணியைப் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, காதின் வெளியே 10 நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம். வலிக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கட்டி தானே உடைந்தால் வெளியே வடிவதை மட்டும் துடையுங்கள், பஞ்சை உள்ளே திணிக்காதீர்கள். காதுக்குள் தண்ணீர் போகாமல் குளியுங்கள்.

நான்கு நாள் ஆகிவிட்டதால் நாளைக்கே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவையான அன்டிபயோட்டிக் தருவார்கள். சிலருக்கு மருந்து தோய்த்த துணித்திரியைத் துவாரத்தில் வைப்பார்கள். கீறவேண்டி வந்தால் அதையும் அவர்கள்தான் கீறவேண்டும். காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், மடல் முழுக்கச் சிவத்தல், முகம் ஒரு பக்கம் இழுத்தல், இதில் எது வந்தாலும் நாளைக்கு என்று இருக்காமல் அன்றிரவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். ஒரு வருடத்தில் மூன்று கட்டி. காதுக்கு ஊசியைச் சொல்லலாம், தொடைக்கு என்ன சொல்வது? சீனி வருத்தம் பலருக்கு இப்படித்தான் தலை காட்டும். இரத்தத்தில் சீனி கூடினால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். சீனி கட்டுப்படாதவர்களுக்குக் காதுத் தொற்று எலும்புவரை போவதும் உண்டு. எட்டு மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்காமல் இருந்து இரத்தம் கொடுத்துப் பாருங்கள். 126 (mg/dL) அல்லது அதற்கு மேல் வந்தால் அது சீனி வருத்தத்தின் அளவு. 126க்குக் கீழே, ஆனால் 100க்கு மேலே வந்தாலும் ‘தப்பினேன்’ என்று தாளை மடித்து வைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், வீட்டில் ஒரே துவாயை எத்தனை பேர் பாவிக்கிறீர்கள் என்று பாருங்கள். கட்டி அப்படியும் சுற்றிச் சுற்றி வரும்.

காது கடித்தால் வெளி மடலை விரலால் தேய்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.