கதவு தொங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பைப் பிரித்துப் பூட்டுகிறேன். டிரைவர் கதவின் பின் ஓரம் மேலே விரல் நுழையுமளவு விலகி, கீழே உரசுகிறது. கீலைத் தளர்த்திச் சரிசெய்யலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: கீலுக்கு அவசரப்படாதீர்கள். ஜிப்ஸியில் பாடி தனி, சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி. நடுவில் உள்ள ரப்பர் புஷ் நசுங்கினால் கதவு வாசலே கோணிவிடும், அப்புறம் கீலை எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் இடிக்கும். வண்டியைச் சமதளத்தில் நாலு சக்கரத்திலும் நிறுத்தி, வாசலின் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் புஷ்ஷை மாற்றுங்கள். ஒத்துவந்தால், கதவைப் பாதி திறந்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீலே தேய்ந்திருக்கிறது. ஸ்ட்ரைக்கரை (கதவின் பூட்டு வந்து மாட்டும், வாசல் தூணில் உள்ள கொக்கி) கழற்றிவிட்டுக் கதவைப் பொருத்துங்கள், இல்லையென்றால் அது தூக்கிப் பிடித்து ஏமாற்றும். வாசல் ஓரத்தைச் சுற்றி வரும் பீடிங் ரப்பரோடும் மாட்டிப் பார்த்த பிறகுதான் பெயிண்ட். மதுரையில் எந்தப் பட்டறைக்குக் கொடுத்தாலும் இதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்.