மாமனாரின் சிகரெட்டும் வயிற்றுப் பிள்ளையின் பல்லும்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துப் பழைய லயத்தில் இருக்கிறோம். எனக்கு இப்போது ஐந்து மாதம். மாமனார் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாகச் சிகரெட் பிடிக்கிறார், அதுவும் முன்ஹாலில் டிவி பார்த்துக்கொண்டே. கணவர் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிவிட்டார். மூத்த மகனுக்கு மூன்று வயதுக்குள் மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து உடைந்துவிட்டன. இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகுமா? பல் முளைக்காமலே போய்விடுமா? மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்: சகோதரி, முதலில் மூத்தவனின் வாயைத் திறந்து கீழ் முன்பற்களைப் பாருங்கள். மேலே நான்கும் கறுத்திருக்க, கீழே வெள்ளையாக இருக்கின்றனவா? அப்படியானால் நான் முதலில் சந்தேகப்படுவது புகையை அல்ல, பால் போத்தலைத்தான். இரவில் போத்தலைச் சப்பிக்கொண்டே தூங்கும் பிள்ளைக்குப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். டின் பாலும் சீனியும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பழி முழுவதையும் மாமனார் தலையில் போட்டுவிட்டு, அடுத்த பிள்ளைக்கும் அதே போத்தலைக் கொடுத்தால் அதே கதைதான் நடக்கும்.

சரி, புகைக்கு வருவோம். பிள்ளையின் பல் ஆறாம் மாதத்தில் ஈறைக் கிழித்து வரும்போது உருவாவதில்லை. கருவுக்கு ஆறு வாரம் ஆகும்போதே தாடையில் பால்பற்களுக்கான முளைகள் தோன்ற ஆரம்பிக்கின்றன. நாலாம் மாதவாக்கில் முன்பற்களில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. உங்களுக்கு இப்போது ஐந்து மாதம் என்றால், பால்பற்கள் இருபதுக்கும் அஸ்திவாரம் விழுந்து கட்டட வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் மேல் ஓடான எனாமலைக் கட்டும் செல்கள் மட்டும் வேலை முடிந்ததும் மறைந்துவிடும். கட்டும்போது விழுந்த குறை குறையாகவே நிற்கும்.

நீங்கள் சுவாசிக்கும் சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நஞ்சுக்கொடியையும் தாண்டிப் பிள்ளையிடம் போகும். அடுத்தவர் விட்ட புகையை நாள்தோறும் சுவாசிக்கும் தாய்மாருக்குப் பிள்ளை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. எடை குறைந்தோ மாதம் முந்தியோ பிறந்த பிள்ளைகளின் பால்பற்களில் எனாமல் மெலிந்தும் திட்டுத்திட்டாகவும் இருப்பதை நாங்கள் அதிகம் பார்க்கிறோம். மெலிந்த எனாமலில் சொத்தை சீக்கிரம் இறங்கும்.

பல் முளைக்காமல் போகுமா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தில் நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ தானே புகைத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சில நிரந்தரப் பற்கள் இல்லாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்று 2017-இல் வெளிவந்த நியூசிலாந்து ஆய்வு ஒன்று சொன்னது. அது தாயே பிடித்த சிகரெட். மாமனாரின் புகையை வைத்து அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். உதடும் அண்ணமும் முதல் மூன்று மாதத்திலேயே கூடிவிடும் என்பதால், உதட்டுப் பிளவு பற்றிய கவலை இருந்தால் ஸ்கேன் எடுக்கும்போது உதட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜப்பானின் கோபே நகரத்து ஆய்வு. 2004 முதல் 2010 வரை பிறந்த 76,920 பிள்ளைகளைப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பிறந்து நாலு மாதமானபோது வீட்டில் புகை பட்ட பிள்ளைகளுக்கு, மூன்று வயதுக்குள் சொத்தை வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிள்ளைக்கு எதிரில் பிடிக்காவிட்டாலும், வீட்டில் யாராவது பிடிப்பவர் இருந்தாலே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தாய் கர்ப்பத்தில் புகைத்ததற்கும் சொத்தைக்கும் அந்த ஆய்வில் உறுதியான தொடர்பு தெரியவில்லை. புகை பிடிக்கும் வீடுகளில் இனிப்பும் பல் துலக்கும் பழக்கமும் வேறு மாதிரி இருக்கலாம், ஆகவே பழி முழுவதும் புகைக்கே என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குவதே பிறக்கும் சமயத்தில்தான். இனி வரும் நாலு மாதமும் பிறந்த பிறகு முதல் வருஷமும்தான் உங்கள் கையில் இருக்கிறது. போன ஐந்து மாதத்தை நினைத்து அழுதுகொண்டிருக்காதீர்கள்.

வேப் வெறும் நீராவி என்று உங்கள் கணவர் சொல்லியிருப்பார். நிக்கோட்டின் உள்ள திரவமென்றால் அதன் ஆவியிலும் நிக்கோட்டின்தான். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள நம் மலேசியச் சட்டம், சாப்பாட்டுக் கடையில் சிகரெட்டோடு வேப்பையும் தடுக்கிறது. வீட்டு ஹாலுக்குத்தான் சட்டம் வராது. காருக்குள் இழுப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டாலும் போதாது.

ஜன்னலைத் திறப்பது, காற்றாடியைப் போடுவது எல்லாம் புகையை ஹாலிலிருந்து அறைக்குத் தள்ளும், அவ்வளவுதான். பழைய லயத்தில் நடுச்சுவர் கூரை வரை எட்டாத வீடாக இருந்தால் அறைக் கதவைச் சாத்தியும் பயனில்லை. புகை வீட்டுக்கு வெளியே போக வேண்டும். வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் உட்கார்ந்தால் காற்று உள்ளேதான் அடிக்கும். பின்னால் மரத்தடி இருந்தால் அங்கே ஒரு நாற்காலி, ஒரு டின், மழைக்கு ஒரு தகரக் கூரை. பிள்ளையைத் தூக்கும் முன் கை கழுவி, சட்டை மாற்றிக்கொள்ளட்டும். துணியில் ஒட்டிய புகை சும்மா இருப்பதில்லை.

மாமனாரிடம் நீங்கள் பேச வேண்டாம். மருமகள் சொன்னால் அது வீட்டு வழக்காகிவிடும். மகன் பேசட்டும், அதுவும் தன் வேப்பைக் கீழே வைத்துவிட்டு. "விடுங்கள்" என்று கேட்காமல் "வெளியே பிடியுங்கள்ப்பா" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. அல்லது அடுத்த பரிசோதனைக்கு அவரையே துணைக்கு அழைத்துப் போய், தாதி வாயால் கேட்க வையுங்கள். என் அனுபவத்தில் தாத்தாக்கள் மருமகளைவிட மிஸ்ஸி சொன்னால் கேட்கிறார்கள். உண்மையாகவே விட நினைத்தால் அரசாங்க கிளினிக்கில் எம்குவிட் சேவை இருக்கிறது, இருவருமே போகலாம்.

இன்னொன்று, பாட்டிமார் கோபிக்கக்கூடாது: குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதும் புகைதான். நிக்கோட்டின் இல்லை, ஆனால் பச்சை உடம்பின் நுரையீரலுக்கு நுண்துகள் நுண்துகள்தான். அறைக்குக் காட்டிவிட்டு, புகை அடங்கிய பிறகு பிள்ளையை உள்ளே கொண்டுபோங்கள். கொசுவத்திக்குப் பதில் வலை.

உங்கள் கர்ப்பப் பரிசோதனைப் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இந்த மாதமே அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். கர்ப்பத்தின் நடு மூன்று மாதம்தான் நாற்காலியில் சாய்ந்து படுக்க வசதியான காலம். மூத்தவனையும் கூடவே கூட்டிப் போங்கள், அவன் கறுத்த பற்கள் வலிக்கிறதோ இல்லையோ. சின்னவன் பிறந்து முதல் பல் எட்டிப் பார்த்ததும், புளோரைடு உள்ள பற்பசையை ஓர் அரிசி மணி அளவு தடவித் துலக்கிவிடுங்கள். ஒரு வயதாவதற்குள் அவனையும் அதே நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம்.