அந்த 14 யாருடையது?

வணக்கம் ஐயா,

எங்கள் மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். ஒன்றரை வயதில் அம்மா, தாத்தா, காக்கா என்று ஏழெட்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தான். அப்போது தடுப்பூசி போட்டோம். அடுத்த சில மாதங்களில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோனது. ஆட்டிசம் என்று உறுதியாகிவிட்டது. ஒரு மையத்தில் முதலில் தலைமுடியை வெட்டிப் பரிசோதித்தார்கள். இரண்டு வாரம் முன்பு ஒரு காப்ஸ்யூல் கொடுத்து, ஆறு மணி நேரம் சிறுநீர் பிடித்து அனுப்பினார்கள். பாதரசம் 14, இருக்க வேண்டியது 4-க்குள் என்று சிவப்புக் கோடு போட்ட ரிப்போர்ட் வந்திருக்கிறது. டிரிப்ஸ் ஏற்றி உலோகத்தை வெளியேற்ற வேண்டுமாம். இருபது முறைக்கு முன்பணம் கேட்கிறார்கள். "செய்து பார்ப்போமே, என்ன நஷ்டம்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் ஜன்னல் கம்பியின் பெயின்ட்டைப் பல்லால் சுரண்டித் தின்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், கொளத்தூர், சென்னை

அன்புள்ள சகோதரி,

முன்பணம் கட்ட வேண்டாம். ஏன் என்று உங்கள் கணவருக்கும் விளங்கும்படி சொல்கிறேன். அவருடைய ஆசை நியாயமானது, அதைப் புறந்தள்ள முடியாது.

அந்த 14-ஐ முதலில் பார்ப்போம். மீன் சாப்பிடுகிற, பல் அடைத்துக்கொண்ட, சும்மா மூச்சு விடுகிற எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. மகனுக்குக் கொடுத்தது பெரும்பாலும் டி.எம்.எஸ்.ஏ. என்கிற மருந்தாக இருக்கும். திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடித்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளுவதுதான் அதன் வேலை. அதை விழுங்கினால் உங்களுக்கும் ஏறும், எனக்கும் ஏறும். ஆனால் 4 என்ற வரம்பு, மருந்து எதுவும் விழுங்காதவர்களின் சிறுநீரை வைத்துப் போட்டது. மருந்து கொடுத்து எடுத்த எண்ணை அதோடு ஒப்பிட்டால் சிவப்புக் கோடு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்னொன்றும் உண்டு. ரிப்போர்ட்டில் "ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு" என்று போட்டிருப்பார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சின்னப் பிள்ளைக்குத் தசை குறைவு, அதனால் வகுக்கிற எண் சிறிது, விடை பெரிது. இப்படி மருந்து கொடுத்துச் சிறுநீர் பார்ப்பதை அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி ஏற்பதில்லை. அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்படாதது, கெடுதலும் செய்யலாம் என்பது அவர்களின் நிலைப்பாடு. தலைமுடிப் பரிசோதனையில் ஷாம்பு, தூசி, குழாய்த் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே முடிக்கு இரண்டு லேப் இரண்டு பதில் சொல்லும்.

ஒன்றரை வயது ஊசி உங்கள் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று கடிதமே சொல்கிறது. அந்த வயதில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) உயிருள்ள கிருமியால் ஆனது, அதில் பாதரசக் கலவை சேர்ப்பதில்லை. பல டோஸ் கொண்ட குப்பியில் வரும் டி.பி.டி. என்கிற முத்தடுப்பு ஊசியில், மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் தயோமெர்சல் என்ற பாதரசக் கலவை இருக்கலாம். 0.01 சதவீதம் என்று வைத்தாலும் அரை மில்லியில் சுமார் 25 மைக்ரோகிராம் பாதரசம். அது உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறும் எத்தில் வகைப் பாதரசம். ரத்தத்தில் ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு வருடம் கழித்துச் சிறுநீரில் நிற்க அதற்கு வழியில்லை. டென்மார்க்கில் 1992-ல் தயோமெர்சலை நிறுத்தினார்கள், 2001-க்குள் அமெரிக்காவில் வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளிலிருந்து எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஆட்டிசக் கணக்கு இறங்கவில்லை. பேசிய வார்த்தைகள் மறைவது ஆட்டிசத்தில் கணிசமான பிள்ளைகளுக்கு நடக்கிறது. அது பெரும்பாலும் ஒன்றரை வயதை ஒட்டித்தான் நடக்கும். ஊசி போடும் வயதும் அதுவே. நீங்கள் கூட்டிக்கொண்டு போனதால் வந்த வினை இல்லை இது, தாயே.

"மூளைக்குள் ஒளிந்திருக்கிறது" என்று மையத்தில் சொல்லக்கூடும். டி.எம்.எஸ்.ஏ. மூளையின் தடுப்பைத் தாண்டி உள்ளே போவது இல்லை என்றே சொல்லலாம். அப்படியே ஒளிந்திருந்தாலும் அதை வெளியே கொண்டுவர இந்த மருந்தால் ஆகாது.

இனி "என்ன நஷ்டம்" என்ற கேள்வி. டிரிப்ஸில் ஏற்றுவது அநேகமாக இ.டி.டி.ஏ. என்கிற, உலோகத்தைப் பிடிக்கும் இன்னொரு மருந்து. இதில் இரண்டு உண்டு: கால்சியம் டைசோடியம், வெறும் டைசோடியம். இரண்டாவது ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். கால்சியம் சரிந்தால் இதயம் நின்றுபோகும். 2005 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன் இப்படித்தான் இறந்தான். அதே ஆண்டு டெக்சாஸில் ஈயத்துக்குச் சிகிச்சை பெற்ற இரண்டு வயதுப் பெண் குழந்தை, கால்சியம் டைசோடியத்துக்குப் பதில் வெறும் டைசோடியம் ஏறியதால் இறந்துபோனது. சரியான வகையே என்றாலும் பாதரசத்துக்கு அது உருப்படியான மருந்து இல்லை.

காப்ஸ்யூலும் சாதுவானது இல்லை. வெள்ளணுக்கள் குறையலாம், ஈரல் என்சைம் ஏறலாம், துத்தநாகமும் சேர்ந்து வெளியேறும். 2007-ல் வந்த எலி ஆய்வு ஒன்று என்னை மிகவும் உலுக்கியது: உடம்பில் ஈயமே இல்லாத எலிக் குட்டிகளுக்கு இதைக் கொடுத்தபோது, கற்றலிலும் உணர்ச்சியிலும் நிலைத்த குறை வந்தது. அதற்குப் பிறகு, அமெரிக்க அரசு நிறுவனம் ஆட்டிசப் பிள்ளைகளை வைத்துத் திட்டமிட்டிருந்த சோதனையை 2008-ல் கைவிட்டது. 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் குழு தேடியபோது தகுதியான ஆய்வு ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அதில் பலன் தெரியவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு "பரிசோதனையே வேண்டாம்" என்று முடித்தால் அது உங்கள் மகனுக்குச் செய்யும் துரோகம். பெயின்ட் தின்கிறான் என்று கடைசி வரியில் எழுதினீர்களே, முதல் வரியில் இருக்க வேண்டியது அது. பார்க்க வேண்டியது, பழைய பெயின்ட்டில் இருக்கக்கூடிய ஈயம்.

கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் ஈயம் பாருங்கள். விரல் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிவிடும். உலோகப் பரிசோதனைக்கென்றே உள்ள குழாயில் எடுத்து, மிக நுண்ணிய உலோக அளவையும் காட்டும் ஐ.சி.பி.எம்.எஸ். முறையில் பார்க்கும் லேப் வேண்டும். காப்ஸ்யூல் ரத்த ஈயத்தைத் தற்காலிகமாக இறக்கியிருக்கும். இரண்டு வாரம் ஆகிவிட்டதால் இப்போது எடுக்கலாம். கூடவே ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) ஹீமோகுளோபினும் பாருங்கள். மண்ணும் பெயின்ட்டும் தின்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைந்திருப்பது அடிக்கடி காண்பது. இரும்பு குறைந்தால் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

100 மில்லி ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் வீட்டில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். 45 தொட்டால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்தில் சேர்க்க வேண்டும். அப்போது கொடுப்பது இதே டி.எம்.எஸ்.ஏ.வாக இருக்கலாம்: கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணிக்கு ஒருமுறை 5 நாள், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை 14 நாள், இடையிடையே ரத்த அணுக்களும் ஈரலும் பார்த்துக்கொண்டு. நடுவில் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-ல் வந்தது. ரத்த ஈயம் இறங்கியது, அறிவுத்திறன் கூடவில்லை.

பாதரசமும் பார்த்தே தீர வேண்டும் என்று மனம் கேட்டால், அதே ரத்தத்தில் சேர்த்துப் பார்க்கலாம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. கொஞ்சம் கூடினால் முந்தைய மாதங்களில் சாப்பிட்ட மீனை நினைத்துப் பாருங்கள். பெரிய சுறாவில் அதிகம். மத்தி, நெத்திலியில் குறைவு. உறவினர் யாராவது பாதரசமோ, பாதரசத் தாதுவான லிங்கமோ சேர்ந்த செந்தூரம், பற்பம் போன்ற நாட்டு மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். முகம் வெளுக்கப் பூசும் கிரீமிலும் பாதரசம் கலப்பதுண்டு. அது தாயின் கையிலிருந்து பிள்ளைக்குப் போகும்.

வீட்டில் வேறு ஈயம் எங்கே? ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயமா (டின்), காரீயம் (நாம் பேசும் ஈயம்) கலந்ததா என்று பார்த்தால் தெரியாது. புளி அதை இழுத்துவிடும், அதனால் எடுத்து வைத்துவிடுங்கள். உதிரி மஞ்சள்தூள், கண் மை, பழைய பேட்டரி வேலை செய்பவர் வீட்டுக்குள் கொண்டுவரும் உடுப்பு, இவையும் பார்க்க வேண்டியவை.

இருபது டிரிப்ஸுக்கு வைத்த பணத்தையும் வாரத்தில் போகிற நாட்களையும் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுங்கள். எழும்பூரிலும் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனமான நிப்மெட்டிலும் அரசு சேவை உண்டு. படம் காட்டிக் கேட்கப் பழக்குவதால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேண்டியதைக் கேட்க ஒரு வழி கிடைத்தாலே கத்தல் பாதி அடங்கும்.

ஒரே ஒரு காப்ஸ்யூல்தான் என்பதால் பதற வேண்டாம். வாய்ப்புண், காய்ச்சல், தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே சி.பி.சி. (ரத்த அணுக்களின் கணக்கு) எடுத்து, நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஜன்னலை இன்றே கவனியுங்கள். இந்தியாவில் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017-ல்தான் வந்தது, பழைய எனாமலை நம்ப முடியாது. உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லாதீர்கள். அந்தத் தூசி பெயின்ட்டை விட மோசம். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதை அப்படியே சுருட்டி எறியச் சொல்லுங்கள். வேலை முடிந்து தரையை இரண்டு தடவை ஈரத்துணியால் துடைக்கும்வரை பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கட்டும்.